கடைசி அறையில் மூன்று கண்ணாடி

அந்தத் துணிக்கடையின் இரண்டாவது மாடியில், பெண்கள் பிரிவு முடிகிற மூலையில், டிரையல் ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அந்த வாசலைப் பார்த்துக்கொள்ளும் அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார நேரம் இருந்தால்தானே? உள்ளே போகிறவர்கள் கையில் எத்தனை துணி என்று பார்த்து, அந்த எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கனைக் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது டோக்கனும் துணியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டாமென்று உள்ளே சுருட்டி எறிந்துவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி, நேர்ப்புறமாகத் திருப்பி, பொத்தான் போட்டு, ஹேங்கரில் மாட்டி, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கழுத்துப் பட்டையில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அக்கா, நல்லா இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு வாய் ஓயாமல் பதிலும் சொல்ல வேண்டும்.

பதில் எப்போதும் ஒன்றுதான். "உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்மா."

ஃப்ளோர் மேனேஜர் அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்: "அக்கா, கீழ எத்தனை விளக்குப் போட்டாலும் வியாபாரம் முடியறது உங்க வாசல்லதான். நீங்க மூஞ்சியைச் சுளிச்சீங்கன்னா அவ்வளவுதான், போச்சு." எங்கே நின்றாலும் தலைக்கு மேலிருந்து பார்ப்பவர் என்பதால் அவருக்குப் பணியாளர்கள் வைத்த பெயர் கேமரா. அவளுக்கு வைத்த பெயர் டோக்கன் அக்கா. கவுன் பிரிவில் நிற்கும் ஒல்லிப் பெண்ணுக்கு ஹேங்கர். "என் மேல சட்டையை மாட்டி அப்படியே தொங்கவிடலாம்க்கா, ஆணியே வேண்டாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எத்தனையோ பெண்களின் உடம்புக்கு, தச்ச மாதிரி இருக்கு என்று கூசாமல் சொன்ன டோக்கன் அக்காவுக்கு, ஒரே ஒரு உடம்புக்கு மட்டும் துணி கிடைக்கவில்லை. அது அவள் பெற்ற மகளின் உடம்பு.

மகளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் பாப்பா. "என்னை வெளியில பாப்பான்னு கூப்பிட்டே, நான் திரும்பவே மாட்டேன்" என்று எச்சரித்து வைத்திருந்தாள். போன வருஷம் ஒருநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளின் முதுகு, ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பி நிற்பதை அம்மா பார்த்தாள். கூனிக்கொண்டு உட்காராதே என்று ஒரு தட்டுத் தட்டினாள். கை பட்ட இடத்தில் எலும்பு இருந்தது. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அந்தக் கையை அன்றைக்கு முழுவதும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்றார் டாக்டர். சில பிள்ளைகளுக்கு வளரும் வயதில் இப்படி ஆகிறது, ஏனென்று சொல்ல முடியாது, யார் மேலும் தப்பில்லை. இதை நிமிர்த்த முடியாது; மேலும் வளையாமல் பிடித்து வைக்கலாம். அதற்கு ஒரு பிரேஸ் போட வேண்டும். எலும்பு வளர்ந்து முடிகிற வரைக்கும், குளிக்கிற நேரம், விளையாடுகிற நேரம் தவிர, இரவும் பகலும். போடாவிட்டால் வளைவு கூடிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டினால் முதுகைத் திறந்து கம்பி வைத்துக் கட்ட வேண்டும்.

பிரேஸ் வந்தது. அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை கெட்டியான பிளாஸ்டிக் கூடு. முதுகுப் பக்கம் திறந்து மூடும், மூன்று பட்டைகள். தானாக இறுக்கிக்கொள்ள முடியாது, இன்னொருவர் பின்னால் நின்று இழுக்க வேண்டும். மகள் அதற்கு முதல் நாளே 'டப்பா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் சிரிப்பாக்கிக் கடந்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். "இது டப்பா இல்லம்மா, கவசம். போருக்குப் போற ராஜாவெல்லாம் போட்டது" என்றார்.

"ராஜா எட்டாம் கிளாஸ் படிச்சானாப்பா?" என்றாள் மகள்.

அம்மாவின் வழி வேறு. பூசி மெழுகுவது. வாசலில் நின்று நின்று அவளுக்குப் பழகிப்போன வழி. "கொஞ்சம்தான். யாருக்குத்தான் முதுகு ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு? வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியல." எக்ஸ்ரே பார்க்கும்போது மகளை வெளியே உட்கார வைத்தாள். இடம் அடைக்கிறது என்று சொல்லி, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரியை நாத்தனார் வீட்டுக்குத் தள்ளிவிட்டாள். மிச்சமிருந்தது வாஷ்பேசின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் முகம் தெரியும். கழுத்து வேண்டுமென்றால் எக்க வேண்டும். தன் முதுகை யாரும் தானாகப் பார்க்க முடியாது என்பது எவ்வளவு பெரிய வரம் என்று அவள் அந்த நாட்களில் நினைத்துக்கொண்டதுண்டு.

அடுத்த எக்ஸ்ரேயில் வளைவு கூடியிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்தார், பிரேஸின் உள்பக்கத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இதை அவ போடறதே இல்ல" என்றார்.

"தினம் காலையில நான்தான் சார் இழுத்துக் கட்டி அனுப்பறேன்."

"அனுப்பறீங்க. போற இடத்துல என்ன நடக்குதுன்னு கேட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து கேட்டாள். மகள் ஒளிக்கவில்லை.

"கழட்டிடறேன். சாயங்காலம் ஃப்ரெண்ட் பட்டையை இழுத்துக் கட்டி விடுவா."

"கழட்டி எங்கடி வெக்கிறே?"

"மியூசிக் ரூம்ல. பெரிய டிரம்முக்குப் பின்னாடி."

"அய்யோ, ஏன்டி இப்படிப் பண்றே?"

"ஏன்னா அது தெரியுது! சட்டைக்கு மேல விளிம்பு தெரியுது. உட்கார்ந்தா மேல ஏறி அக்குள்ல இடிக்குது, தோள் ரெண்டும் காதுகிட்ட வந்துடுது. எவனாவது பின்னாடி வந்து கதவைத் தட்டற மாதிரி தட்டறான். உனக்கென்ன, இழுத்துக் கட்டிட்டு நீ கடைக்குப் போயிடுவே."

அந்தப் பள்ளியில் சீருடை கிடையாது. பிள்ளைகள் இஷ்டம்போல் உடுத்தலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பள்ளி. அதுவே வினையாகிவிட்டது. எல்லோரும் ஒரே மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு போகிற இடமாக இருந்தால் இந்த மூட்டையும் அதில் ஒன்றாகப் போயிருக்கும்.

அழுது முடித்தபின் மகள் ஒரு பேரத்துக்கு வந்தாள். "நீ துணிக்கடையிலதானே வேலை பாக்கிறே? டப்பா மேல போட்டா தெரியாத மாதிரி, ஃபிட்டா, எனக்கு ஒரு டிரஸ் கொண்டு வா. கோணி மாதிரி வேண்டாம். எல்லாரும் போடற மாதிரி. கொண்டு வந்தேன்னா கழட்டவே மாட்டேன். சத்தியமா."

இவ்வளவுதானா என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியது. மூன்று மாடி நிறையத் துணி, அதில் ஒன்று கிடைக்காதா?

கிடைக்கவில்லை. மேலே சரியாக இருந்தால் இடுப்பில் கூட்டின் விளிம்பு பிதுங்கியது. இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் தோள் முழங்கை வரை வழிந்தது. இழுபடுகிற துணியில் பட்டையும் கொக்கியும் எண்ணிவிடலாம் போல அச்சு அச்சாகத் தெரிந்தன. விறைப்பான துணியோ, அவள் உட்கார்ந்ததும் கூட்டோடு சேர்ந்து தானும் மேலே ஏறிக்கொண்டது. மடிப்பு மடிப்பாக விழுகிற ஒன்றை வாங்கிப் போய் மாட்டியபோது மகள் அதை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இது டிரஸ்ஸா, கூடாரமா? உள்ள நாலு பேர் தங்கலாம். அப்பா வேணும்னா லிஃப்ட் போட்டுக் குடுப்பாரு."

வாங்கிப் போவதும், மறுநாள் திருப்பிக் கொண்டு வந்து வைப்பதும் கேமராவின் கண்ணில் படாமலா இருக்கும்? ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஸ்டாஃப் வாங்கினா மாத்தித் தர்றது ஒரு தடவைக்குத்தான். நீங்க கடையை வீட்டுக்கும் வீட்டைக் கடைக்கும் தூக்கிட்டு அலையறீங்க."

"பொண்ணுக்கு சார். அளவு சரியா வரல."

"அளவு சரியா வரலைன்னா பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. டிரையல் ரூம் எதுக்கு இருக்கு? நீங்களே அதோட வாசல்ல நின்னுக்கிட்டு…" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மகளை வரச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில், பள்ளி விடுமுறை நாளில், கடை திறந்தவுடன், கூட்டம் வருமுன், வந்த சுவடு தெரியாமல் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது என்று ஒப்பந்தம். அதற்கு முந்தைய நாட்களில் அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். தேறியதையெல்லாம், வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க, பெரிய அளவுப் பாண்ட்டுகளுக்கு நடுவே செருகி வைத்தாள். கடையில் வேலை செய்கிற எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான் அது. ஹேங்கர் கூட ஒரு ஜாக்கெட்டை அப்படி நெடுநாளாகக் குளிர் பெட்டியில் வைத்த மாதிரி வைத்திருந்தாள்.

மகள் வந்தாள். பழைய சாம்பல் நிறச் சட்டை, உள்ளே டப்பா. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அறைகளெல்லாம் காலியாக இருந்தன. முன்னால் இருக்கும் சின்ன அறைகளில் கையை நீட்டினால் சுவர் இடிக்கும். டப்பாவோடு கையைத் தூக்கித் துணி மாட்ட இடம் வேண்டும். அதனால் அம்மா யோசித்து, கடைசியில் இருக்கும் பெரிய அறையைக் கொடுத்தாள். கையில் தான் தேர்ந்து வைத்திருந்த துணிகளைக் கொடுத்தாள். உள்ளே போகுமுன் மகள், திருப்பி அனுப்ப வேண்டிய துணிகள் தொங்கும் கம்பியிலிருந்து கரும்பச்சையில் ஒன்றை உருவினாள். "இதையும்" என்றாள். "எடுத்துக்க, எடுத்துக்க" என்றாள் அம்மா, அது என்ன என்று கூடப் பார்க்காமல்.

கதவு மூடியது. உள்ளே பட்டைகள் பிரியும் சத்தம், சர்ரென்று ஒன்று, இரண்டு, மூன்று. டப்பாவுக்கு மேல் போட்டுப் பார்க்க வந்தவள் அதை ஏன் கழற்றுகிறாள்? பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

துணி உரசும் சத்தமில்லை, ஹேங்கர் இடிக்கும் சத்தமில்லை. அப்போதுதான் அம்மாவுக்குச் சுரீரென்று உறைத்தது.

அந்தக் கடைசி அறையில் மூன்று சுவரிலும் கண்ணாடி.

எத்தனை வருஷமாக இந்த வாசலில் நிற்கிறாள்! கண்ணாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. உள்ளே போனாலும் பார்வை தரையில் இருக்கும். விழுந்து கிடக்கும் துணி, சிந்திக் கிடக்கும் ஊசி, மறந்துவிட்ட தோடு. நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்க அவளுக்கு அங்கே வேலை இல்லை. வீட்டில் ஆளுயரக் கண்ணாடியை அப்புறப்படுத்தியவள், தன் கையாலேயே பிள்ளையை மூன்று கண்ணாடிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"பாப்பா!"

கதவைத் தட்டினாள்.

"பாப்பா, கதவைத் திற. வேற ரூம் மாத்தித் தர்றேன்."

"நீ கொஞ்சம்தான்னு சொன்னே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் கூட அம்மாவுக்குப் பதில் இருந்திருக்கும்.

"அது… கண்ணாடியில அப்படித் தெரியும்டா. மூணு பக்கமும் லைட்டு விழுது இல்ல…"

"லைட்டா வளைஞ்சிருக்கு?"

அம்மா கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. எல்லா அறைகளின் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து விலக்கும் சாவி அவளிடம் உண்டு. இடுப்பில்தான் தொங்கியது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். விடுமுறை நாள் கூட்டம் ஏறி வந்துவிட்டது. கை நிறையத் துணியோடு ஒருத்தி, அவள் பின்னால் இரண்டு பேர், அவர்கள் பின்னால் இன்னும். டோக்கன் கொடுத்தாள், வாங்கினாள். கடைசி அறைக்கதவிடம் ஓடினாள், திரும்பி வந்தாள். "அக்கா, மூணு குடுத்தேன், நாலு டோக்கன் தர்றீங்க" என்று ஒருத்தி திருத்தினாள். மற்ற அறைகள் நிறைந்து வரிசை வாசலுக்கு வெளியே நீண்டது.

"அந்த ரூம்ல யாராவது குடியிருக்காங்களா?" என்றாள் வரிசையில் நின்ற மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சிலர் சிரித்தார்கள். டோக்கன் அக்காவும் சிரித்து வைத்தாள். உள்ளே மகள் இருக்கும்போதும் சிரிப்பது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமில்லை, தொழில்.

திரும்பவும் கதவோரம் போய், உதட்டை இடுக்கில் வைத்து, கெஞ்சினாள். "உனக்கு எது பிடிச்சாலும் வாங்கித் தர்றேன். நாலு நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம். டப்பாவை மட்டும் மாட்டிக்கோ. கதவைத் திற, நான் இழுத்து விடறேன். என் ராஜாத்தி இல்ல?"

"தள்ளி நில்லு. டிரஸ் போடறேன்."

உள்ளே துணி அசையும் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்ததுபோல் அம்மா தள்ளி நின்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. மகள் வெளியே வந்தாள்.

அந்தக் கரும்பச்சை டிரஸ். தைத்தவன் அதை வேண்டுமென்றே கோணலாகத் தைத்திருந்தான். ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு மடிப்புகள் சாய்வாக ஓடின. கீழ்க்கரையும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நேரான உடம்புக்காரிகள் எத்தனையோ பேர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னமோ மாதிரி இருக்கு என்று எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். இவளுக்கு அந்தச் சாய்வும் உடம்பின் சாய்வும் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துகொண்டன. இறங்கிய தோள் எது, ஏறிய இடுப்பு எது என்று தேடினாலும் கிடைக்காது. இடுப்பில் கச்சிதமாகப் பிடித்து, முழங்காலில் வந்து விழுந்தது. டப்பா உள்ளே இல்லை. டப்பாவுக்கு அதில் இடமே இல்லை.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடி ஆத்தீ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் கண்ணாடிக்கார அம்மாள். "நில்லு கண்ணு, திரும்பு. இந்தப் பொண்ணுக்குன்னே தச்சிருக்காங்க!"

கவுன் பிரிவிலிருந்து ஹேங்கர் எட்டிப் பார்த்து விசில் அடித்தாள்.

மகள் திரும்பிக் காட்டினாள். எல்லோருக்கும் முன்னால், முதுகைக் காட்டி. அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அம்மா அந்த வருஷத்தில் பார்த்ததில்லை. "அம்மா, மூணு கண்ணாடியிலயும் பார்த்துட்டேன். தெரியவே இல்ல. இதுல ஒண்ணுமே தெரியல. டப்பாவே வேண்டாம்மா. எனக்கு இது போதும்."

இத்தனை நாளாகத் தேடிய டிரஸ். பிள்ளையின் உடம்புக்கு ஒட்டி, ஒன்றும் தெரியாமல், எல்லோரும் போடுகிற மாதிரி. கிடைத்துவிட்டது. வாயைத் திறந்து, தச்ச மாதிரி இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கும். பின்னால் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் நாக்கும் பழக்கத்தில் அங்கேதான் போனது.

"நல்லா இருக்கு" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு பாப்பா. ஆனா இது இன்னிக்கு இருக்கிற வளைவுக்குப் பொருந்துது. வளைவு நிக்காது. டப்பா போடலைன்னா அடுத்த வருஷம் இதுவும் பொருந்தாது. அதுக்கப்புறம் இந்தக் கடையில எதுவுமே பொருந்தாது."

பாப்பா என்று அவள் வெளியில் கூப்பிட்டதை மகள் கவனித்ததாகத் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"நீதானே கொஞ்சம்னே?"

"பொய் சொன்னேன்."

"எவ்வளவு?"

"உள்ள போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லு. எல்லாரும் பார்த்தாச்சு இல்ல? எவ்வளவு?"

"முதல்ல முப்பத்தொண்ணு. இப்ப முப்பத்தெட்டு." டாக்டர் சொன்ன டிகிரிக் கணக்கை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூடப் பாதிதான். "நாப்பத்தஞ்சைத் தாண்டினா ஆபரேஷன். கம்பி வெச்சு கட்டிடுவாங்க. அதுக்கப்புறம் குனியறது, வளையறது எல்லாம் பழையபடி இருக்காது."

கண்ணாடிக்கார அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏம்மா, இதையெல்லாம் நாலு பேர் முன்னாடியா பிள்ளைகிட்டச் சொல்றது? பெத்தவதானா நீ?"

பெத்தவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

மகள் திரும்பி உள்ளே போனாள். கதவு அறைந்து மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். வரிசையைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார். "அக்கா, என்ன இது? உங்க பொண்ணா உள்ள? இன்னிக்குப் போய்… அந்த ரூமைக் காலி பண்ணுங்க. சாவி இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"திறங்க."

"திறக்க மாட்டேன் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டோக்கன் அக்கா இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்கு இந்த ஸ்டூல் தனக்கு இருக்குமா என்று ஒரு நினைப்பு வந்து போனது. அது அப்போது ரொம்பச் சின்ன விஷயமாக இருந்தது. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக்கார அம்மாள் அவரை ஒரு முறை முறைத்தாள். "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல தம்பி. நீங்க போய் வேற வேலை இருந்தாப் பாருங்க." சற்று முன் பெத்தவதானா என்று கேட்ட அதே வாய். அவர் போய்விட்டார்.

அம்மா கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுதால் தேவலை என்றிருந்தது. உள்ளே கத்தி, கத்தரி ஒன்றும் கிடையாதே என்று மனம் எங்கெங்கோ ஓடியது. துணியில் குத்தியிருக்கும் குண்டூசிகள் ஞாபகத்துக்கு வந்தன. சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு மூச்சு பார்ப்போம், இன்னும் ஒரு மூச்சு.

"உள்ள வா."

தாழ்ப்பாள் விலகியிருந்தது. அவள் நுழைந்து கதவைச் சாத்தினாள். மகள் டப்பாவைத் தானே முன்பக்கமாக மாட்டிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். பச்சை டிரஸ் ஹேங்கரில், ஒழுங்காகப் பொத்தான் போட்டு, கொக்கியில் தொங்கியது. மூன்று பக்கமும் மகளின் திறந்த முதுகு. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எலும்பு எங்கே தொடங்கி எங்கே ஒதுங்கி எங்கே திரும்புகிறது என்று பார்த்தாள். தினம் காலையில் பட்டையை இழுக்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் இழுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பார்த்துட்டியா?" என்றாள் மகள், கண்ணாடி வழியாக.

"பார்த்துட்டேன்."

"கம்பி வெச்சா எடுக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"இதைப் போட்டா நிச்சயமா நிக்குமா?"

நிக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கினாள். "நிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நிச்சயம்னு யாரும் சொல்லல."

மகள் யோசித்தாள். கண்ணாடியில் இருந்த மூன்று மகள்களும் யோசித்தார்கள்.

"இழு" என்றாள்.

இழுத்தாள். முதல் பட்டை, நடுப்பட்டை, கீழ்ப்பட்டை. எப்போதும் போடுகிற குறியில் கொக்கியை மாட்டப் போனபோது, "இன்னும்" என்றாள் மகள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு குறி போனது. பிறகு மகள் பழைய சாம்பல் சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். அம்மா தேர்ந்தெடுத்து, பாண்ட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்துக் காப்பாற்றிய எதையும் அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல ஒண்ணாவது போட்டுப் பாரேன்" என்றாள் அம்மா.

"இனிமே எனக்கு டிரஸ் தேடாதே."

"சரி."

"என்கிட்ட பேசாதே."

"சரி."

மகள் கதவைத் திறந்துகொண்டு வரிசையைக் கடந்து நடந்தாள். சாம்பல் சட்டைக்கு மேல் அக்குளோரத்து விளிம்பு தெரிந்தது. முதுகில் மூன்று பட்டைகளும் வரி வரியாகத் தெரிந்தன. கண்ணாடிக்கார அம்மாள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். கீழே இறங்கி வெளியே போகும் படிக்கட்டு இடது பக்கம். அங்கே போய்விட்டால், தெருமுனை திரும்பியதும் அவள் என்ன செய்வாள், எந்த டிரம்முக்குப் பின்னால் எதை ஒளிப்பாள் என்று யாருக்குத் தெரியும்? அம்மா டோக்கன்களைக் கையில் அள்ளிக்கொண்டு அந்த முதுகையே பார்த்தாள்.

மகள் படியருகே போய் நின்றாள். பிறகு, மனைவிகள் எப்போது வருவார்கள் என்று கணவர்கள் காத்துக் கிடக்கிற பெஞ்ச்சின் ஓரத்தில், போனும் பையுமாக இருந்த இரண்டு ஆண்களுக்குப் பக்கத்தில், விறைப்பாக உட்கார்ந்தாள். சாய முடியாது, டப்பா விடாது. இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, அந்தப் பச்சை டிரஸ் இருந்ததே, சாய்வா மடிப்பு வெச்சது. என் சைஸ்ல கிடைக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கவுன் செக்‌ஷன்ல கேளுங்கம்மா. ஒல்லியா ஒரு பொண்ணு நிக்கும்."

அடுத்தவளின் துணியை எண்ணினாள். டோக்கன் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து பெஞ்ச்சைப் பார்த்தாள். சட்டைக்கு மேல் அந்த வரிகள் இருந்தன. அடுத்த டோக்கன், மறுபடி பெஞ்ச். வரிகள் இருந்தன. மகள் கையைப் பின்னால் கொண்டுபோனபோது அம்மா டோக்கனை நீட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, டோக்கன்" என்றது வரிசை.